வாரம் ஒரு முறை போட வேண்டிய மாத்திரை தினமும் உள்ளே போனது எப்படி?

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது, மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம். ஞாயிறு மட்டும் மெத்தோட்ரெக்ஸேட் 10 மி.கி. ஒன்று, மற்ற ஆறு நாளும் ஃபோலிக் ஆசிட் 5 மி.கி. ஒன்று என்று டாக்டர் எழுதியிருந்தார். ஒரு திங்கட்கிழமை ஆரம்பித்த அம்மா, இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டார். பதினோராவது நாள் அட்டை தீர்ந்து, மெடிக்கலில் இன்னொரு அட்டை வாங்கியிருக்கிறார். யாரும் எதுவும் கேட்கவில்லை. இரண்டு நாளில் வாயெல்லாம் புண், காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று இரவும் சிஸ்டர் அதே மாத்திரையைக் கொடுத்தார். மறுநாள் ரத்தப் பரிசோதனை வந்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள். இப்போது தேறிவிட்டார். இதில் யார் மேல் தப்பு? எங்கே தடுத்திருக்கலாம்? இனி அந்த மருந்தைத் தரலாமா?

பதில்:

அம்மா தேறிவிட்டார் என்ற வரியைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பதின்மூன்று நாளில் ஒரே ஒரு மாத்திரை போயிருக்க வேண்டிய உடம்புக்குள் பன்னிரண்டு போயிருக்கிறது. இதைவிடக் குறைவான நாட்கள் தவறிப் போட்டவர்களும் இந்த மருந்தில் இறந்திருக்கிறார்கள்.

நான் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்ப்பவன். வார்டுக்குப் போய் மருந்துச் சீட்டுகளைச் சரிபார்ப்பதும் என் வேலை. அதை வைத்துச் சொல்கிறேன். உங்கள் அம்மா மேல் தப்பு இல்லை, முதலில் அதை அவரிடம் சொல்லிவிடுங்கள். இந்த மாதிரி நடந்த பிறகு பல பெரியவர்கள் "என் புத்தி கெட்டுப்போச்சு" என்று மனதுக்குள் மருகிக்கொண்டே இருப்பார்கள். எழுதிக் கொடுத்தவர், கடையில் முதலில் கொடுத்தவர், இரண்டாம் முறை கொடுத்தவர், வார்டில் கொடுத்தவர் என்று இந்த மாத்திரை நாலு கை மாறி வந்திருக்கிறது. முந்தைய ஆள் சொல்லியிருப்பார் என்று ஒவ்வொருவரும் நம்பியிருக்கிறார்கள். நாலு இடத்திலும் தடுத்திருக்க முடியும். நாலு இடத்திலும் தேவைப்பட்டது ஒரே கேள்விதான்: "இதை எந்தக் கிழமை போடுறீங்க?"

இந்த இரண்டு மாத்திரைகளையும் மாற்றிப் போடுவது எவ்வளவு சுலபம் என்பதை முதலில் பார்க்கலாம். மெத்தோட்ரெக்ஸேட் பொடி மஞ்சள், ஃபோலிக் ஆசிட் பொடியும் மஞ்சள். மாத்திரையாகும்போதும் பெரும்பாலும் இரண்டும் சின்னதாக, மஞ்சளாகத்தான் வருகின்றன. பெயரைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம் என்றால் அதுவும் கஷ்டம். அம்மாவுக்குக் கொடுத்தது எந்தக் கம்பெனி மருந்து என்று நீங்கள் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். நம் நாட்டில் ஃபோலிட்ராக்ஸ் என்று விற்பது மெத்தோட்ரெக்ஸேட், ஃபோல்வைட் என்று விற்பது ஃபோலிக் ஆசிட். ஒன்று செல்லைக் கட்டுப்படுத்தும் மருந்து, மற்றது கர்ப்பிணிகள்கூட தினமும் போடும் வைட்டமின். இரண்டும் ஒரே நாளில், ஒரே கவரில், ஒரே ஆளுக்குக் கொடுக்கப்படுகின்றன. கண்ணாடி போட்டாலும் அட்டையின் பின்பக்க எழுத்து தெரியாத வயதில் இருப்பவர் இதைத் தப்பில்லாமல் பிரித்துப் போட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

அந்தக் கவரையும் எடுத்துப் பாருங்கள். காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம் அச்சடித்திருக்கும். மருந்துச் சீட்டிலும் 1-0-1, 0-0-1 என்றுதான் எழுதிப் பழகியிருக்கிறோம். ஒரு நாளைக்குள் என்ன செய்வது என்று சொல்ல இந்த முறை நல்ல முறை. ஆனால் வாரத்துக்கு அதில் இடமே கிடையாது. 0-0-1 என்று எழுதி, ஓரத்தில் சின்னதாக "வாரம் ஒன்று" என்று எழுதினால், கடையில் அவசரமாகக் கவரில் எழுதுபவர் கண்ணில் படுவது 0-0-1 மட்டும்தான். அதைப் படிப்பவருக்கு அதன் அர்த்தம் தினமும் இரவு ஒன்று.

மருந்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், அப்போதுதான் இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்கும். செல்கள் பிரிந்து பெருகுவதற்கு ஃபோலிக் ஆசிட் வேண்டும். உடம்பு அதைப் பயன்படுத்துவதற்கு உதவும் என்சைமை மெத்தோட்ரெக்ஸேட் அடைத்துவிடுகிறது. உருவத்தில் ஃபோலிக் ஆசிடைப் போலவே இருப்பதால்தான் அதனால் அந்த இடத்தில் போய் உட்கார முடிகிறது. இந்தக் கதையில் நம் ஊர்த் தொடர்பு ஒன்று உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1920-களில் அமெரிக்கா போன எல்லப்பிரகட சுப்பாராவ், பின்னாளில் லெடர்லே ஆய்வகத்தில் ஒரு குழுவுக்குத் தலைமை ஏற்றார். ஃபோலிக் ஆசிடைச் செயற்கையாகத் தயாரித்ததும், அதன் சாயலிலேயே அதற்கு எதிராக வேலை செய்யும் பொருட்களை உருவாக்கியதும் அந்தக் குழுதான். அப்படி வந்த அமினோப்டெரினை ரத்தப்புற்று வந்த குழந்தைகளுக்குக் கொடுத்து, நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் பதிவு செய்தார். அதே வரிசையில் அடுத்து வந்தது மெத்தோட்ரெக்ஸேட். புற்றுநோய்க்கு வந்த மருந்து, மிகக் குறைந்த அளவில் வாரம் ஒரு முறை கொடுத்தால் முடக்குவாதத்தை அடக்குகிறது என்று தெரிந்து, 1988இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கும் அனுமதி தந்தது. இன்று முடக்குவாதத்துக்கு உலகம் முழுக்க முதலில் எடுக்கும் மருந்து இதுதான், விலையும் குறைவு. விரல்கள் கோணிப்போகாமல் எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது.

அளவைவிட இடைவெளிதான் இந்த மருந்தில் முக்கியம். வாரத்தில் ஒரு நாள் போட்டால், மருந்தின் பிடி தளர்ந்த பிறகு எலும்பு மஜ்ஜையும், வாயின் உள்தோலும், குடலின் உள்தோலும் மறுபடி வளர அவகாசம் கிடைக்கிறது. தினமும் போட்டால் அந்த அவகாசம் போய்விடுகிறது. உடம்பில் வேகமாகப் புதுப்பிக்கப்படும் இடங்கள்தான் முதலில் அடிபடும். வாய்ப்புண் வருவது அதனால்தான். அதே நேரத்தில் மஜ்ஜைக்குள் வெள்ளணுக்களும் தட்டணுக்களும் குறைந்துகொண்டே போகின்றன, அது வெளியே தெரியாது. மெத்தோட்ரெக்ஸேட் போடும் ஒருவருக்கு வாயில் புண் வந்தால் "சூடு" என்று நினைத்து மணத்தக்காளிக் கீரை சமைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும் வீடுகளை நான் அறிவேன். கீரை கொடுங்கள், தப்பில்லை. ஆனால் அன்றைக்கே ரத்தத்தில் அணுக்கள் எண்ணிக்கையையும் பார்த்துவிடுங்கள். தொண்டை வலியோடு காய்ச்சல், ஈறில் ரத்தம், காரணமில்லாமல் தோலில் நீலத் திட்டு, நிற்காத வயிற்றுப்போக்கு, புதிதாக வறட்டு இருமலோடு மூச்சிரைப்பு, இதில் எது வந்தாலும் அடுத்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு உடனே போக வேண்டும். மறுநாள் ஓ.பி.க்குப் போகலாம் என்று காத்திருக்கக் கூடாது.

இனி, தடுத்திருக்கக் கூடிய இடங்களுக்கு வருகிறேன். டாக்டர் ஞாயிறு என்று கிழமையோடு எழுதியிருக்கிறார், அது நல்ல பழக்கம். மருந்தின் மூலப்பெயரைப் புரியும்படி, கூடுமானவரை ஆங்கில கேப்பிட்டல் எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016இல் விதியே கொண்டுவந்தது. அதோடு இந்த ஒரு மருந்துக்காவது எதற்காக எழுதுகிறோம் என்பதையும் பக்கத்தில் எழுதினால், கீழே இருக்கும் எல்லோருக்கும் உதவும். "முடக்குவாதம்" என்று எழுதியிருந்தால், தினமும் என்று யார் வாசித்தாலும் ஒரு மருந்தாளுநருக்கு உறுத்தும். கூட்டம் நெரியும் ஓ.பி.யில் இதற்கெல்லாம் நேரமில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கடைசிப் பொறுப்பு மருந்து கொடுக்கும் கவுண்டருக்கு வருகிறது.

கவுண்டரில் என்ன நடந்திருக்க வேண்டும்? "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். புரியவில்லை என்று சொல்ல நம் ஊரில் பெரியவர்களுக்குக் கூச்சம், பின்னால் வரிசை வேறு நிற்கும். எங்கள் கவுண்டரில் இந்த இரண்டு மருந்தும் சேர்ந்து வந்தால் இரண்டு அட்டையையும் மேஜையில் வைத்துவிட்டுக் கேட்போம்.

"இதுல எதும்மா ஞாயித்துக்கிழமை மாத்திரை? எடுத்துக் காட்டுங்க."

"இந்தச் சின்னது தம்பி."

"ரெண்டும் சின்னதுதாம்மா. அட்டையைத் திருப்பிப் பாருங்க, இதோ பேனாவுல பெருசா எழுதியிருக்கேன் பாருங்க."

"ஞாயிறு மட்டும்."

"சரி, அப்ப நாளைக்குத் திங்கட்கிழமை. நாளைக்கு எதைப் போடுவீங்க?"

முதல் கேள்விக்கே தப்பான அட்டையை எடுத்துக் காட்டுபவர்கள் நிறைய. அவர்களில் படித்தவர்களும் உண்டு, ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்களும் உண்டு. ஒரு நிமிஷம்கூட ஆகாத இந்தப் பேச்சில், வீட்டில் பதின்மூன்று நாள் நடக்கவிருந்தது கவுண்டரிலேயே வெளியே வந்துவிடும். பிறகு மெத்தோட்ரெக்ஸேட்டைத் தனிக் கவரில் போட்டு, அந்த மூன்று கட்டத்தையும் குறுக்கே அடித்து, மேலே கிழமையை எழுதிக் கொடுப்போம். எந்தக் கிழமை என்பதை நோயாளியையே தேர்ந்தெடுக்கச் சொல்வதும் உண்டு. ஞாயிறு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும் என்று நினைக்கிறோம். ஆனால் ஊருக்குப் போவது, கல்யாணம், விசேஷம் எல்லாம் அன்றைக்குத்தான் வரும். செவ்வாய் கோயிலுக்குப் போகும் அம்மாவுக்குச் செவ்வாய்தான் சுலபம். டாக்டர் சம்மதித்தால் கிழமையை மாற்றிக்கொள்ளலாம். மாற்றிய பிறகு அந்தக் கிழமையிலேயே நிற்க வேண்டும்.

உங்கள் கேள்வியில் என்னை அதிகம் வருத்தியது இரண்டாவது அட்டைதான். பத்து மாத்திரை உள்ள அட்டை, வாரத்துக்கு ஒன்று. அது பத்து வாரம் வர வேண்டும். பதினோராவது நாளில் ஒருவர் வந்து இன்னொரு அட்டை கேட்கிறார் என்றால் அதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேறு இருக்க முடியாது. அதே கடையாக இருந்திருந்தால் போன் நம்பரைத் தட்டியதும் பழைய பில் தேதி கம்ப்யூட்டரில் தெரிந்திருக்கும். வேறு கடையாக இருந்தாலும், "போன அட்டை எப்ப வாங்கினீங்க?" என்று கேட்டிருந்தால் போதும். மெத்தோட்ரெக்ஸேட் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து. பதிவு பெற்ற மருந்தாளுநரின் மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும். 2015ஆம் ஆண்டின் மருந்தியல் நடைமுறை விதிகள் நோயாளிக்கு விளக்கிச் சொல்வதையும் மருந்தாளுநரின் கடமையாகவே வைத்திருக்கின்றன. காலி அட்டையைக் காட்டினால் அதே அட்டையை எடுத்துக் கொடுப்பது நம் ஊர் வழக்கமாகிவிட்டது. பாரசிட்டமாலுக்கு அது பொறுத்துக்கொள்ளக்கூடியது. இந்த மருந்துக்குக் கூடவே கூடாது. என்னைக் கேட்டால் நாலு வாரத்துக்கு எழுதியிருந்தால் நாலே நாலு மாத்திரையை, பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் பக்கத்தோடு வெட்டிக் கொடுக்க வேண்டும். மாற்றிப் போட்டாலும் நாலாவது நாளில் தீர்ந்துவிடும், கேள்வி எழும், மஜ்ஜை தப்பிக்கும்.

வார்டில் நடந்ததை நீங்கள் இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள். அதுதான் நான் அதிகம் எழுத வேண்டிய இடம். இரவு நேரத்தில் காய்ச்சல், வாய்ப்புண் என்று ஒருவர் வருகிறார். ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டும், ரத்தம் எடுக்க வேண்டும், ஆன்டிபயாட்டிக் ஆரம்பிக்க வேண்டும். கூடவே "வீட்டில் என்னென்ன மாத்திரை போடுகிறார்?" என்று கேட்டு, கொண்டுவந்த கவரைப் பார்த்து டிரக் சார்ட்டில், அதாவது வார்டில் கொடுக்க வேண்டிய மருந்துகளைக் குறிக்கும் தாளில், எழுதுகிறார்கள். அம்மா எப்படிப் போட்டுக்கொண்டிருந்தாரோ அப்படியே சார்ட்டில் ஏறியிருக்கும். அடுத்து டியூட்டிக்கு வந்த சிஸ்டர் சார்ட்டைப் பார்க்கிறார். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான நேரம், சரியான வழி என்று செவிலியர் படிப்பில் சொல்லித்தரும் ஐந்தையும் சார்ட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். ஐந்தும் சரியாக இருக்கிறது. சார்ட்தான் தப்பு. எவ்வளவு கவனமான சிஸ்டராக இருந்தாலும் சார்ட்டை மட்டும் பார்த்தால் இதைப் பிடிக்க முடியாது.

சேர்க்கும்போது வீட்டு மருந்துகளைப் பழைய சீட்டோடும் நோயாளி சொல்வதோடும் ஒன்றுக்கொன்று வைத்துச் சரிபார்ப்பது தனி வேலை. அதைக் கவரிலிருந்து பெயர் எடுத்து எழுதும் குமாஸ்தா வேலையாகச் செய்யக் கூடாது. ஒவ்வொரு மருந்துக்கும் எதற்காக, எப்போது, கடைசியாக என்றைக்குப் போட்டார் என்று கேட்க வேண்டும். "நேத்து ராத்திரி போட்டேன், முந்தாநாளும் போட்டேன்" என்று அம்மா சொல்லியிருந்தால் அங்கேயே நின்றிருக்கும். மெத்தோட்ரெக்ஸேட்டை எம்.டி.எக்ஸ். என்று சுருக்கி எழுதுவதையும் அறவே விட வேண்டும், அந்தச் சுருக்கத்தை வேறொரு புற்றுநோய் மருந்தாகவும் படிக்க முடியும். தினமும் ஒன்று என்பதற்கு ஓ.டி., வாரம் ஒன்று என்பதற்கு ஓ.டபிள்யூ. என்று எழுதும் வழக்கமும் அப்படித்தான். கிறுக்கலில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, கிழமையை முழுதாக எழுத இரண்டு நொடிதான் ஆகும்.

சார்ட்டிலேயே செய்யக்கூடிய ஒரு எளிய காரியம் இருக்கிறது. தேதி வாரியாகக் கட்டங்கள் இருக்கும் அல்லவா? வாரம் ஒரு முறை மருந்தை எழுதியதுமே, கொடுக்கக் கூடாத ஆறு நாள் கட்டங்களையும் குறுக்குக் கோடு போட்டு அடைத்துவிட வேண்டும். காலியாக இருக்கும் கட்டம், கையெழுத்துப் போடச் சொல்லிக் கேட்பது போலவே இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு வார்டையே ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருப்பவர் காலிக் கட்டத்தைக் கண்டால் மருந்து விட்டுப்போய்விட்டதோ என்றுதான் பதறுவார். அடைத்த கட்டம் அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். இதற்குப் பணமோ கம்ப்யூட்டரோ தேவையில்லை.

மருந்து கொடுக்கும் நேரத்தில் சிஸ்டரை இடையில் கூப்பிடாதீர்கள் என்று இதைப் படிக்கும், நோயாளிக்குத் துணையாக இருப்பவர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். ட்ரே கையில் இருக்கும்போது "ட்ரிப்ஸ் முடிஞ்சிடுச்சு", "டாக்டர் எப்ப வருவார்?", "பில் எங்கே கட்டணும்?" என்று நாலு பக்கமிருந்தும் கேட்கிறோம். ட்ரிப்ஸில் ரத்தம் ஏறுகிறது, மூச்சு முட்டுகிறது என்றால் தயங்காமல் கூப்பிடுங்கள். மற்றதெல்லாம் பத்து நிமிஷம் பொறுக்கும்.

உங்கள் கோபம் அந்த சிஸ்டர் மேல் இருந்தால் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அவரை வேலையை விட்டுத் தூக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். அமெரிக்காவில் நாஷ்வில் நகரில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் 2017 டிசம்பரில் ஒரு சம்பவம் நடந்தது. ஸ்கேனுக்குப் பயந்த நோயாளிக்கு மனதை அமைதிப்படுத்தும் வெர்செட் என்ற மருந்தை எடுக்கப் போன செவிலியர், மருந்து அலமாரியின் திரையில் பெயரின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டினார். அலமாரியில் அந்த மருந்து அதன் மூலப்பெயரான மிடாசோலம் என்று இருந்ததால் வரவில்லை. பூட்டை மீறித் திறக்கும் வசதியைப் பயன்படுத்தி, அதே இரண்டு எழுத்தில் தொடங்கிய வெக்யுரோனியத்தை எடுத்துவிட்டார். அது தசைகளையே செயலிழக்க வைத்து மூச்சை நிறுத்தும் மருந்து. நோயாளி இறந்தார். எச்சரிக்கை வாசகத்தைப் படிக்காமல் விட்டது அவர் தப்புதான். 2022இல் குற்றவியல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது, மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது. தன் தவறை உடனே ஒப்புக்கொண்டவர் அவர். ஒப்புக்கொண்டால் சிறை என்ற பயம் வந்துவிட்டால் இனி யார் வாயைத் திறப்பார் என்று அந்த நாட்டுச் செவிலியர்கள் கேட்டார்கள். எனக்கும் அதே பயம்தான். உங்கள் அம்மா விஷயத்தில் மறுநாளே தவறு வெளியே வந்ததும், சிகிச்சை மாறியதும், ரத்தப் பரிசோதனையைப் பார்த்த பிறகு உண்மையை யாரோ ஒருவர் மறைக்காமல் சொன்னதால் நடந்தவையாகத்தான் இருக்கும்.

அதற்குப் பதிலாக மருத்துவமனை நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். சேர்க்கும்போது வீட்டு மருந்துகளை யார் சரிபார்க்கிறார், எத்தனை மணி நேரத்துக்குள், வாரம் ஒரு முறை மருந்துகளுக்குச் சார்ட்டில் கட்டத்தை அடைக்கிறார்களா, இரவில் மருந்தாளுநரைக் கூப்பிட முடியுமா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். மருந்தால் வந்த பாதிப்பை இந்திய மருந்து கண்காணிப்புத் திட்டத்திடம் பொதுமக்களே தெரிவிக்கலாம், 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் அதை நடத்துகிறது.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயரில் 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் ஒரு நோயாளி மெத்தோட்ரெக்ஸேட் அளவுப் பிழையால் இறந்தார். அங்கே விசாரணை நடத்தி அறிக்கையாகவே வெளியிட்டார்கள். நாடு முழுவதற்குமான பாதுகாப்பு எச்சரிக்கை 2004இல் வந்தது. ஐரோப்பிய மருந்து முகமை 2019இல், பாட்டிலில் கொட்டிக் கொடுக்காமல் அட்டையில்தான் தர வேண்டும், பெட்டியின் மேல் வாரம் ஒரு முறை என்று கண்ணில் படும்படி போட வேண்டும் என்றது. பிரிட்டன் 2020இல் கிழமையை முழுப்பெயரில் எழுதச் சொன்னது. அமெரிக்காவில் மருந்துப் பாதுகாப்புக்கான அமைப்பு ஒன்று 2014 முதலே, மருத்துவமனைக் கம்ப்யூட்டரில் மெத்தோட்ரெக்ஸேட் என்று தட்டினால் தானாகவே வாரம் ஒரு முறை என்றுதான் வர வேண்டும், தினமும் என்று மாற்றினால் புற்றுநோய்க்கா என்று கேட்க வேண்டும் என்று வலியுறுத்துகிறது. எல்லோரும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள்: இன்ன கிழமை என்று யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொல்லவும் எழுதவும் வேண்டும்.

தவறு தெரிந்ததும் வீட்டில் சிலர் இன்னொரு தவறு செய்வார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். "ஃபோலிக் ஆசிட் குறைந்ததால்தானே பிரச்சினை, நாலு மாத்திரை சேர்த்துப் போட்டால் சரியாகிவிடும்" என்று நினைப்பார்கள். ஆகாது. ஃபோலிக் ஆசிடை உடம்பு பயன்படுத்தும் வழியையே இந்த மருந்து அடைத்து வைத்திருக்கிறது. அந்த அடைப்பைத் தாண்டி வேலை செய்வது ஃபோலினிக் ஆசிட் என்ற வேறு மருந்து, லூக்கோவோரின் என்றும் சொல்வார்கள். ஊசியாகவும் மாத்திரையாகவும் மருத்துவமனையில் கொடுப்பார்கள். உங்கள் அம்மாவுக்கு அதைத்தான் கொடுத்திருப்பார்கள். ஃபோலிக், ஃபோலினிக் என்ற இரண்டு பெயரையும் வார்டிலேயே மாற்றிக் கேட்டுக்கொள்வது உண்டு, ஆகவே போனில் சொல்லும்போது எழுத்துக்கூட்டிச் சொல்வது நல்லது.

இனி அந்த மருந்தைத் தரலாமா என்று கேட்டீர்கள். அதை அவருடைய வாதநோய் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ரத்த அணுக்கள் முழுதாகப் பழைய நிலைக்கு வந்த பிறகு, சிறுநீரகம், கல்லீரல் பரிசோதனைகளைப் பார்த்துவிட்டுச் சிலருக்கு மறுபடி ஆரம்பிப்பார்கள், சிலருக்கு வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். பயத்தில் நீங்களாக எல்லா மருந்தையும் நிறுத்திவிட வேண்டாம். முடக்குவாதத்தை அடக்காமல் விட்டால் அது மூட்டுகளை அரித்துவிடும். அந்த அரிப்பைத் திரும்பச் சரிசெய்ய முடியாது.

மறுபடி ஆரம்பித்தால் சிறுநீரகத்தை மறக்காதீர்கள். மருந்து வெளியே போவது அதன் வழியாகத்தான். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து உடம்பில் நீர் குறைந்திருக்கும் வாரத்தில், கிழமை வந்துவிட்டதே என்று போடாமல், டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடச் சொல்லுங்கள். சிறுநீர்த் தொற்றுக்கு வேறொரு டாக்டர் கோட்ரைமாக்சசோல் எழுதிவிடக் கூடும். செப்ட்ரான், பாக்ட்ரிம் என்ற பெயர்களில் வருவது அதுதான். மெத்தோட்ரெக்ஸேட்டோடு சேர்ந்தால் மஜ்ஜையை மொத்தமாக முடக்கிவிடக் கூடும், சரியான அளவில் போடுபவருக்குக்கூட. எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டராக இருந்தாலும், "நான் வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட் போடுகிறேன்" என்பதை அம்மா முதலில் சொல்லட்டும். மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ வேண்டாம். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

ஃபோலிக் ஆசிடை வேறு அறையில், வேறு டப்பாவில் வையுங்கள். மெத்தோட்ரெக்ஸேட் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும், அன்றைக்கு மட்டும் நீங்கள் எடுத்துக் கொடுங்கள். வெளியூரில் இருந்தால் போட்ட உடனே அம்மா போன் பண்ணட்டும். சமையலறைக் காலண்டரில் அந்தத் தேதியை வட்டம் போட்டு, மாத்திரை போனதும் அடித்துவிடுங்கள். ஒரு வாரம் மறந்துவிட்டால் அடுத்த வாரம் இரண்டாகப் போடக் கூடாது. எத்தனை நாள் தாமதமானால் போடலாம், எப்போது விட்டுவிடலாம் என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு அட்டைமேலேயே எழுதி வையுங்கள். மாதா மாதம் கடைக்குப் போகும் முன் பழைய அட்டையை எடுத்து எண்ணிப் பாருங்கள். நாலு வாரத்தில் நாலு குழி காலியாக இருக்க வேண்டும். ஐந்தாவது குழி காலியாக இருந்தால் கடைக்குப் போகாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.